அரசாங்க நாக்கு

திருச்சி மாவட்டத்திலேயே, தான் குடித்ததற்கு அரசாங்க ஆதாரம் வைத்திருந்த ஒரே ஊழியர் பெரியண்ணன். அவர் குடியை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. வாரியத்துக்கு முதல் விஷயம் போதும். இரண்டாவதைப் பற்றி அது கேட்கவில்லை.

வாரியம் என்றால் மாநிலக் கருநிற பீர் தர மதிப்பீட்டு வாரியம். முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் கிளாஸில் நுரை அடங்கிவிடும். வெளிநாட்டுக்காரன் ஸ்டவுட், போர்ட்டர் என்று கறுப்புக் கறுப்பாய் எதையோ காய்ச்சுகிறான், அது இங்கேயும் வந்து இறங்குகிறது, எது உசத்தி எது மட்டம் என்று நம் ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ ஒரு பெரிய மனுஷர் கவலைப்பட்டாராம். ரேஷன் அரிசியைப் பற்றி அவருக்கு இப்படியொரு கவலை வந்ததாகத் தகவல் இல்லை. கன்டோன்மென்டில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்து, போர்டு மாட்டி, ஹரிஹரசுதன் என்பவரை மண்டல இயக்குநராக உட்கார வைத்தார்கள்.

சுவைஞர் பதவிக்கு விதி ஒன்று வகுத்தார்கள். குறைந்தது பத்தாண்டு மது அருந்திய அனுபவம் இருக்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்று இருக்க வேண்டும். எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை போனது. ஒரு விண்ணப்பம் வர வேண்டுமே! மாவட்டத்து ஊழியர்கள் அத்தனை பேரும் நீர்மோரைத் தவிர வேறெதையும் வாயில் வைத்தறியாதவர்கள் என்று பதில் வந்தது. சனிக்கிழமைதோறும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள்கூட அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்த பெரியண்ணனின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி அகப்பட்டது. ‘நாள்பட்ட மதுப்பழக்கத்துக்கு உள்நோயாளியாகச் சிகிச்சை, மருத்துவ விடுப்பு 28 நாள், பழக்க காலம் 14 ஆண்டுகள்.’ கீழே அரசு மருத்துவர் கையெழுத்து, முத்திரை, தேதி. விதி கேட்டது பத்து வருஷம். இங்கே நாலு வருஷம் கூடுதலாகவே இருந்தது. அன்று சாயங்காலமே டெபுடேஷன் ஆர்டர் போட்டுவிட்டார்கள்.

ஆர்டரைக் கையில் வாங்கியதும் பெரியண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார். அந்தப் பதினாலு வருஷத்தை அவர் மறந்துவிட்டதாக நடித்துக்கொண்டிருந்தாரே தவிர, மறக்கவில்லை. தாலிக்கொடி போனது, மாமனார் சாவுக்குத் தள்ளாடிக்கொண்டு போய்ப் பந்தலில் விழுந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. பெண்டாட்டி பூரணி உறையூர் வெக்காளியம்மன் கோயிலில், வேண்டுதலை எழுதிச் சூலத்தில் கட்டுகிற வழக்கப்படி, ஒரு காகிதத்தில் ‘என் வீட்டுக்காரர் குடியை விடணும் தாயே’ என்று எழுதிக் கட்டினாள். எட்டாவது நாள் அவர் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தார். கோப்பு எண் இல்லாமல், நினைவூட்டு இல்லாமல், எட்டே நாளில் தீர்ந்த மனு அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் இயக்குநரிடம் ஓடினார். ஹரிஹரசுதன் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார்.

“சார், நான் விட்டுட்டேன் சார்.”

“விட்டதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

பெரியண்ணன் பணிப்பதிவேட்டைக் காட்டினார். ஹரிஹரசுதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தார்.

“இதுல சிகிச்சை எடுத்தீங்கன்னு இருக்கு. குணமாச்சுன்னு எங்கேயும் இல்லையே. குடிச்சதுக்கு ஆதாரம் இருக்கு, நிறுத்துனதுக்கு இல்ல. நான் எதை நம்பட்டும், சொல்லுங்க? ஒரு டிரைவர் ஏழு வருஷம் வண்டியத் தொடலைன்னா அவர் டிரைவர் இல்லைன்னு ஆயிடுமா?” என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நானே ஒரு சொட்டு தொட்டதில்ல பெரியண்ணன். எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் என்னை இயக்குநரா போட்டிருக்காங்க. பாரபட்சம் இருக்கக் கூடாதில்ல?”

ஆர்டரை மறுத்தால் சஸ்பென்ஷன் என்பதையும் அதே அன்போடு சொன்னார்.

செவ்வாய்க்கிழமைதோறும் முற்பகல் பதினோரு மணிக்கு அமர்வு. முதலில் எல்லாரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி மதுவிலக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். ‘மது அருந்த மாட்டேன், பிறரையும் அருந்த விட மாட்டேன்’ என்று சூப்பிரண்டு லூர்துராணி வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு பாட்டிலைத் திறந்தார்கள்.

பாட்டிலைத் திறந்ததும் குடித்துவிட முடியுமா? முதலில் அது கறுப்புத்தானா என்று பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் எவ்வளவு கறுப்பு என்பதற்கு வாரியம் ஒரு மாதிரி வைத்திருந்தது. லூர்துராணியின் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடின் மூடி. கிளாஸை மூடியின் பக்கத்தில் வைத்து மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நுரையைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தார்கள். அளக்கிறவர் ஸ்கேலை எடுத்து வருவதற்குள் நுரை இறங்கிவிட்டதால் எல்லா பீருக்கும் நுரை ‘இல்லை’ என்றே பதிவானது. அதற்கப்புறம் பெரியண்ணனிடம் முப்பத்திரண்டு சொற்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்தார்கள். வறுத்த காப்பிக்கொட்டை, கருகிய வெல்லம், புகை, ஈர மரம் என்று போகும். சுவை இந்த முப்பத்திரண்டுக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

பெரியண்ணன் முதல் நாளே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். நாக்கில் பட வைத்துவிட்டுத் துப்பிவிடலாம். துப்புவதற்கு எங்கே பாத்திரம் என்று கேட்டார்.

“பாத்திரம் டெண்டர்ல இருக்கு,” என்றார் லூர்துராணி. “வர்ற வரைக்கும் முழுங்கிடுங்க. தரையில துப்புனா கேஸ் ஆயிடும்.”

வெக்காளித் தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முழுங்கினார். கசந்தது. காந்தியது. திக்கான டிகாக்ஷனைச் சர்க்கரை போடாமல் குடித்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் நெஞ்சில் சூடு பரவியது. ஏழு வருஷமாகப் படுத்துக் கிடந்தது ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பெரியண்ணனுக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழவும் முடியாமல் பட்டியலைப் பார்த்தார். பட்டியல் கண்ணில் ஏறவில்லை. மனசில் பட்டதைச் சொன்னார்.

“பொறுப்பில்லாதவங்க போட்ட காப்பி மாதிரி இருக்கு சார். ஆனா அடியில வெல்லம் இருக்கு. கடைசியில ஒரு இரும்பு வாசனை. இத நிறைய பேர் குடிக்க மாட்டாங்க, குடிச்சவங்க விட மாட்டாங்க.”

ஹரிஹரசுதன் மெல்லக் கைதட்டினார். அன்றைக்கு ருசி பார்த்தது நாலு பாட்டில். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய் என்பது விதி. சந்தேகம் இருந்தால் நாலாவது. பெரியண்ணனுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்ளவே பெரும்பாடாக இருந்தது.

வீடு ஸ்ரீரங்கத்தில், மூலத்தோப்பில். பஸ்ஸில் போனால் வாசனை கூடவே வரும் என்று காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி, ஏலக்காயை மென்றுகொண்டு பாலத்தை நடந்தே கடந்தார். ஆடிக் காற்று அடித்த அடியில் சட்டை வாசனை போய்விட்டது. மாம்பழச் சாலையில் நின்று, கையைக் குவித்து ஊதி மூன்று தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஏன் லேட் என்றாள் பூரணி. புது ஆபீஸில் ஆடிட் என்றார்.

அவள் ராஜகோபுரத்துக்கு எதிரில் பூக்கடை வைத்திருப்பவள். கூடையைத் திறக்காமலே உள்ளே மல்லியா முல்லையா என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்குக்கு இந்த ஏலக்காயெல்லாம் எம்மாத்திரம்? ஒரு காலத்தில் அவர் வாசல்படி ஏறும்போதே முகத்தருகே வந்து மோந்து பார்ப்பாள். ஏழு வருஷத்தில் அந்தப் பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அன்றைக்கும் மோந்து பார்க்கவில்லை. சாப்பிட வாங்க என்று தட்டு வைத்தாள். அவள் சந்தேகப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பெரியண்ணனுக்குச் சோறு இறங்கியிருக்கும். நம்பி வைத்த சோற்றை அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

விடுவிக்கச் சொல்லி மனு போட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மது அருந்தாதவர் என்று மருத்துவச் சான்று கொடுத்தால் விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்றது. டாக்டரிடம் போனார். ரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டர், நீங்கள்தான் குடிக்கிறீர்களே, எப்படிச் சான்று தருவது என்றார். ஆபீஸ் வேலையாகக் குடிக்கிறேன் என்று பெரியண்ணன் சொன்னதும் அந்த டாக்டர் அவரை வேறு ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அது மனநலப் பிரிவு. வாரியத்துக்கு மறுபடி எழுதினார். குடிப்பதை ஒரு மாதம் நிறுத்திவிட்டுச் சோதனை செய்துகொள்ளலாம், ஆனால் ஒரு செவ்வாய்கூட விடுப்பு எடுக்கக் கூடாது என்று பதில் வந்தது.

மூன்று மனு போட்டார். நாலாவது மனு எழுதி மேஜை டிராயரில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதுதான் விஷயம். பெரியண்ணன் அந்த வேலையில் கெட்டிக்காரராகிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தால் இது ஓட்ஸ் போட்டது, இது பால்சர்க்கரை சேர்த்தது, இது வெயிலில் லாரியில் கிடந்து கெட்டது என்று பிட்டுப் பிட்டு வைத்தார். பக்கத்து மண்டலங்களிலிருந்து மாதிரிகள் வந்தன. ‘மண்டல அரசு நாக்கு’ என்று கோப்பிலேயே எழுதினார்கள். பதிவறையில் இருபது வருஷமாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. இங்கே அவர் வாயைத் திறந்தால் மூன்று பேர் குறிப்பெடுத்தார்கள். துப்புகிற பாத்திரம் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. நல்ல எவர்சில்வர். பெரியண்ணன் ஒரே ஒரு தரம் துப்பினார். அடிநாக்கில் நிற்கிற கசப்பை முழுங்கினால்தான் சரியாகக் கணிக்க முடிகிறது என்று லூர்துராணியிடம் சொன்னார். அந்த அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார். பாத்திரத்தில் இப்போது ப்யூன் தோசை மாவு வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை சாயங்காலமே முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். அதை அவரே கவனித்தார். கவனித்துவிட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் செய்துகொண்டார்.

வைகுண்ட ஏகாதசி அந்த வருஷம் செவ்வாயில் வந்தது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம். வெயில் வந்த பிறகும் வரிசை நகரவில்லை. பூரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெருமாளே பெருமாளே என்று கண்ணீரோடு சொர்க்க வாசல் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தாள். ஏழு வருஷமாக அவளுக்கு அந்த வாசலில் வேண்டுதல் எதுவும் கிடையாது. நன்றி சொல்லத்தான் வருவாள். லட்சம் பேர் ரங்கா ரங்கா என்று கத்துகிற இடத்தில் பெரியண்ணன் மணி பார்த்தார். பதினொன்று. இன்னேரம் பாட்டில் திறந்திருப்பார்கள், பாழாய்ப்போன லீவு என்று எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் எதனால் என்று புரிந்தபோது அவருக்கு உடம்பு கூசியது. சீச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று நினைத்தார். அப்படி நினைத்தும் தாகம் குறையவில்லை.

பொங்கல் கழிந்து வீட்டுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. ஆபீஸுக்கு அனுப்பியிருந்தால் ஒளித்திருப்பார். வாரியம் குடும்பத்தாரும் மகிழ வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பூரணி கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தாள். தங்க நிறத்தில் பார்டர் போட்ட பாராட்டுச் சான்றிதழ். ‘நூற்றுப் பன்னிரண்டு வகைக் கருநிற பீர்களைச் சலிப்பின்றி அருந்தி மாநிலத்துக்குப் பெருமை சேர்த்த திரு. பெரியண்ணன் அவர்களுக்கு.’

அவர் வீட்டுக்கு வந்தபோது அதை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்டை போடவில்லை.

“ஏங்க, இது எத்தனை நாளா?”

“ஆடியிலேர்ந்து.”

“சொல்லியிருக்கலாம்ல எங்கிட்ட?”

“ஆர்டர் பூரணி. மாட்டேன்னா வேலை போயிடும்னாங்க. மனு போட்டேன், டாக்டர்கிட்ட அலைஞ்சேன். ஒண்ணும் நடக்கல.”

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. டிராயரில் கிடந்த நாலாவது மனுவைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பூரணி அவரை உற்றுப் பார்த்தாள். அப்புறம் எழுந்துவந்து, பாவி மனுஷா, இதையெல்லாம் தனியா சுமந்தீங்களா என்று அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். பெரியண்ணனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

மறுநாளிலிருந்து பூரணி காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு, மிச்சப் பூவும் நூலுமாக வாரியத்தின் வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். கோஷம் போடவில்லை. பூக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் பூக் கட்ட அனுமதி உண்டா என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் லூர்துராணி ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டார். ஏழாம் நாள் ஹரிஹரசுதன் கூப்பிட்டனுப்பினார்.

“அம்மா, நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. உங்க வீட்டுக்காரர் குடிக்கலைங்க. அரசாங்கம் குடிக்குது, அவர் வாய் வழியா. சத்தியம் பண்ணினது அவர், குடிக்கிறது நாங்க. அப்புறம் எப்படி சத்தியம் மீறினதா ஆகும்?”

“அப்போ போதை யாருக்கு சார் ஏறுது?” என்றாள் பூரணி.

ஹரிஹரசுதன் யோசித்தார். அதற்கு விதியில் இடமில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டார். இந்த வேலைக்குத் தியாகம் வேண்டும் என்றும், தானே சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதியிருப்பதாகவும் சொன்னார். பூரணி போய் மறுபடி வராந்தாவில் உட்கார்ந்தாள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, எதற்கம்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போன மறுநாள் கோப்பு திடுதிப்பென்று நகர்ந்தது.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்தே முக்கால். அமர்வுக்கு எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் வராந்தாவில் நின்றார். உள்ளே மேஜையில் புதிதாக வந்த ஐந்து பாட்டில்கள். நடுவில் இருந்ததன் லேபிளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பூரணி லூர்துராணியின் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணி. ஆர்டரை அவர் கையில் வைத்து, “முடிஞ்சுதுங்க, விட்டுட்டாங்க,” என்றாள். பின்னாலேயே லூர்துராணியும் வந்து நின்றார்.

பெரியண்ணன் ஆர்டரைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். தலையைத் தூக்கி லூர்துராணியிடம் கேட்டார்.

“மேடம், இது இன்னைக்கேவா, நாளைலேர்ந்தா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவர் காதில் விழுந்தது.

லூர்துராணி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “இன்னைக்குத்தான். ‘பிற்பகல் முதல்’னு போட்டிருக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் நீங்க எங்க ஆளுதான். அமர்வுல உக்காரலாம். உக்காரணும்.”

பூரணியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, லூர்துராணியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று வாரமாக யாரோடு சண்டை போட்டோம், யாருக்காகப் போட்டோம் என்பது அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. லூர்துராணி உள்ளே போனார், உறுதிமொழி வாசிக்கிற சத்தம் தொடங்கியது. ப்யூன் வந்து, அண்ணே, கூப்பிடுறாங்க என்றார்.

பெரியண்ணன் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு நின்றார்.

“பூரணி, என் கையைப் பிடிச்சுக்க. விட்டா உள்ள போயிடுவேன்.”

அவள் உடனே பிடிக்கவில்லை. பிடிக்காமலே போய்விடுவாளோ என்று நினைத்தார். போனாலும் நியாயம்தான் என்றும் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிடித்தாள், அன்பாக இல்லை, எலும்பு வலிக்கிற மாதிரி. இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்தார்கள். ப்யூன் மூன்று தரம் வந்து போனார். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் கருகிய வாசனை வந்தது, பெரியண்ணனின் கால் தரையைத் தேய்த்தது. பூரணி அழுதாள், பிடியை விடவில்லை. பன்னிரண்டு அடித்த பிறகு இருவரும் எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்கள்.

வியாழக்கிழமை மெமோ வந்தது. குறிப்பிட்ட செவ்வாயன்று, முற்பகல் வரை பணியில் இருந்தும் மது அருந்தாமல் இருந்து, அரசுப் பணிக்குக் குந்தகம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

பெரியண்ணன் பூரணியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பதில் எழுதினார். ஒவ்வொரு வார்த்தையையும் அவளுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லி எழுதினார்.

‘ஐயா, அன்றைக்கு எனக்குக் குடிக்க ரொம்ப ஆசையாக இருந்தது. அதனால்தான் உள்ளே வரவில்லை.’